ஒரே ஒரு ரீஸ்டார்ட்

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒரே ஒரு ரீஸ்டார்ட்."

இதை அவன் சொல்லும்போது மணி ராத்திரி பதினொன்று. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் போட்டு, சிவகாசி முழுக்க ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிற நேரம். பில் போட வேண்டிய லேப்டாப் கறுத்துப்போய்க் கிடக்கிறது. அதன் முன்னால் சிஸ்டம் தம்பி. அவன் முன்னால், நம் செலவில் எண்ணெய்ப் பரோட்டா.

"எழுத்து வருதே தம்பி, என்னன்னு படி" என்றால் படிக்க மாட்டான். திரையில் வரும் எழுத்து அவனுக்குக் கொசு மாதிரி, விரட்டத்தான் வேண்டும். எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலீட் நான்கையும் தவில்காரர் கணக்காகப் பொழிவான். எந்தக் கம்பெனிக்கு எந்தப் பட்டன் என்று கேட்டால், "எல்லாத்தையும் அமுக்குனா ஒண்ணு மாட்டும்ல?" பயாஸ் திறக்கும். ஏதோ கேட்கும், எஸ் கொடுப்பான். இன்னும் ஏதோ கேட்கும், அதற்கும் எஸ். அப்புறம், ஒரே ஒரு ரீஸ்டார்ட்.

வெடிக்காத வெடிகிட்டப் போய்க் குனிந்து பார்க்காதே என்று எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைக்கே சொல்லி வளர்க்கிறோம். இவன் அதே வெடிக்கு ஏழாவது தடவையாகத் திரி கிள்ளுவான்.

ரீஸ்டார்ட்டிலும் ஒரு நியாயம் உண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் கிடக்கும். அந்த நிலையில் அதன் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாது. ரீஸ்டார்ட்தான் முழுசாக இறக்கி ஏற்றும். தம்பி இதைத் தெரிந்து சொல்வதில்லை. பத்தில் ஒன்று பலிக்கும். அந்த ஒன்றை வைத்தே தெருவில் பேர் வாங்கிவிட்டான்.

வித்தை தொற்றியது அரசு லேப்டாப்பில். 2011-ல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே மெஷினில் வந்தன. அப்போது பிளஸ் டூ பையனாக இருந்த தம்பி, பாஸ் இடத்தை அடைக்கிறதென்று விண்டோஸிலிருந்தே அந்தப் பார்ட்டிஷனை அழித்தான். குடியிருந்தவனைக் காலி பண்ணினான், ஆனால் வாசல் சாவி அவனிடம்தான் இருந்தது. 'எந்த சிஸ்டம்?' என்று கேட்கும் க்ரப்பின் கோப்புகளும் அதே பார்ட்டிஷனில். மறுநாள் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று ஒற்றை வரி. மூன்று நாள் மல்லுக்கட்டி மீட்டானாம். அன்றிலிருந்து ஒற்றை சிஸ்டத்தோடு நிம்மதியாக இருக்கும் லேப்டாப்பைக் கண்டால் அவனுக்குக் கை நிற்காது. "ரெண்டா இருக்கட்டும் அண்ணாச்சி. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்ல?"

இரண்டும் சேர்ந்து போகும் என்று சொல்லவில்லை.

2024 ஆகஸ்ட் 13-ல் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, இரண்டு சிஸ்டம் வைத்திருந்த பலருக்கு உலகம் பூராவும் லினக்ஸ் ஏறவில்லை. பழைய பூட்லோடரை செக்யூர் பூட் வாசலிலேயே மறித்தது. தம்பி ரெண்டாக்கி வைத்திருந்த என் லேப்டாப்பிலும் வந்தது: 'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்.' ஒரு கம்ப்யூட்டர் இவ்வளவு மனம்விட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. தம்பி அதையும் படிக்கவில்லை. செக்யூர் பூட்டை அணைத்தான். லினக்ஸ் வந்தது, காலரைத் தூக்கினான். விண்டோஸோ 48 இலக்க பிட்லாக்கர் சாவி கேட்டது. செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டிருந்தால் அநேகமாகத் தீர்ந்திருக்கும். ஆனால் முன்னே கொடுத்த எஸ்களில் ஒன்றில் அந்தப் பூட்டின் சாவியைக் காத்துவைக்கிற டிபிஎம் சிப்பையும் கிளியர் பண்ணியிருந்தான்.

சாவி, மெஷினில் முதலில் போட்ட மெயிலில் இருக்கும். போட்டது அவன் மெயில். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. ஓடிபி போகிற சிம் தொலைந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மெஷினில் உன் மெயில் எதற்கு? பேக்கப் எடுத்தாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாயே, எதற்கு? சாத்தூர்ப் பார்ட்டியிலிருந்து சேலம் பார்ட்டி வரைக்கும் போன் போட்டு, "எத்தனை பீஸ் சொன்னீங்க?" என்று நானே கேட்டேன். நாலு நாள்.

ஐந்தாம் நாள் டூப்ளிகேட் சிம் வாங்கி வந்தான். போனில் சாவி, ஆறாறு எண்ணாக எட்டுக் கட்டு. வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரையில் உள்ளதை விரல் வைத்து, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தான். இரண்டு தடவை தப்பு, மூன்றாவதில் திறந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. வாங்கவே மாட்டான், அதுதான் தொல்லை.

அவன் போன பிறகு பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்ட பில்லில் பகல் பன்னிரண்டரை. லினக்ஸ் மெஷின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்துவிட்டுப் போகும், விண்டோஸ் அதை ஊர் நேரம் என்று நம்பிக்கொள்ளும். ஒரு வரிக் கட்டளையில் சரியாகிவிடுமாம்.

கூப்பிடவில்லை. ஐந்தரையைக் கூட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.