பதினாறடி

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பது நம்மூர்க் கணக்கு. அமெரிக்காவில் நடக்கும் நாய்களின் பாரம் இழுக்கும் போட்டியிலும் அதே 16 அடிதான். ஆனால் பாய்ச்சலுக்கு வேலையில்லை. பாரம் ஏற்றிய வண்டியை 60 விநாடிக்குள் அத்தனை தூரம் இழுத்தாக வேண்டும். சொந்தக்காரர் நாயைத் தொடக் கூடாது, தின்பண்டம் காட்டக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடலாம்.

இதற்காக நாயைப் பழக்கும் மனிதர் ஒரு தனிப் பிறவி. ஷிஃப்ட் வேலை, வாடகை வீடு, முழங்கால் வலி மூன்றும் உண்டு. போதாக்குறைக்கு, ஜாக் லண்டன் 1903-இல் எழுதிய 'தி கால் ஆஃப் தி வைல்ட்' நாவலைச் சின்ன வயதில் படித்துத் தொலைத்திருப்பார். அதில் பக் என்ற நாய், ஐம்பது பவுண்டு மாவு மூட்டைகள் இருபதைச் சுமந்து பனியோடு பனியாக உறைந்துபோன சறுக்கு வண்டியைப் பெயர்த்து, 100 கஜம் இழுத்து, எஜமானருக்கு 1,600 டாலர் சம்பாதித்துக் கொடுக்கும். இவருடைய நாய் இதுவரை சம்பாதித்தது ஒரு ரிப்பன். செலவுக் கணக்கை மனைவி தனி நோட்டில் எழுதி வருகிறார்.

பயிற்சி பற்றிக் கேட்டால் விஞ்ஞானமாகவே பேசுவார். அந்த விஞ்ஞானம் அவர் வசதிக்குத் தக்கபடி வளையும். இரவு ஷிஃப்டில் இருந்தவரை, "வெயிலில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும், விடிகாலைதான் சரி" என்றார். பகல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். விடிகாலைக் குளிர் தசைக்கு ஆகாது என்று ஆகிவிட்டது. பழைய டயர் இனாமாகக் கிடைத்ததால் டயரே உத்தமம். அது தெருவில் உரசும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததும், பூங்காப் புல்வெளியே உத்தமம். டயரை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு நாள், நாய் இழுக்கும் சறுக்குப் பலகையில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். பாரம் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மழை பெய்தால் ஓய்வு நாள். மாமியார் வந்தால் ஓய்வு வாரம்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. இலேசான பாரத்தை நெடுந்தூரம் இழுத்துப் பழகுவதுதான் அஸ்திவாரம். கனத்தை இழுத்த தசை ஆற நாள் வேண்டும். எலும்பு முற்றாத குட்டிக்குக் கனம் ஏற்றவே கூடாது. மும்முரமான ஆளிடம் அகப்பட்டிருந்தால் இந்நேரம் அந்த நாயின் தோள்பட்டை போயிருக்கும். இவருடைய சோம்பலில் அது பிழைத்துக் கிடக்கிறது.

போட்டி நாள். மெத்தை வைத்துத் தைத்த அகலமான ஹார்னஸ் மாட்டிக்கொண்டு நாய் நிற்கிறது. கோட்டுக்கு அப்பால் இவர் குந்தி, தொடையைத் தட்டி, வீட்டில் மனைவிகூடக் கேட்டிராத குரலில் கொஞ்சுகிறார், கெஞ்சுகிறார். நாய் அவரைப் பார்க்கிறது. வானத்தைப் பார்க்கிறது. உட்கார்ந்துவிடுகிறது. போயிற்று 60 விநாடி.

பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த காட்சி. தோற்றது நாய்க்குத் தெரியக் கூடாதாம்; உதவியாளர்கள் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக் கொடுக்கிறார்கள். நாய் எழுந்து, ராஜநடை போட்டுக் கோட்டைத் தாண்டி, வாலைச் சுழற்றிக்கொண்டு இவர்மேல் பாய்கிறது.

"நாளைக்கு ஓய்வு நாள்" என்கிறார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி.