பின்னால் வருவது யார்?

கே: பிரிட்டனில் காருக்குப் பின்னால் கேரவன் கட்டி ஊர் சுற்றப்போகிறேன். காரோடு வந்த கண்ணாடி போதாதா?

ப: கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான்) அந்தக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிவது வெள்ளைச் சுவர் ஒன்றுதான். அங்கே சட்டம் அளந்தே பேசுகிறது: ஓட்டுநருக்கு 20 மீட்டர் பின்னால், கேரவனின் ஓரத்திலிருந்து 4 மீட்டர் அகலத்துக்குச் சாலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகும். லைசென்ஸிலும் 3 புள்ளி ஏறும். அதற்கு, கார்க் கண்ணாடியோடு மாட்டும் கூடுதல் கண்ணாடியே மலிவு.

தட்டைக் கண்ணாடி தூரத்தை உள்ளபடி சொல்லும், ஆனால் கொஞ்சம்தான் காட்டும். குவிகண்ணாடி ஊரையே காட்டும். பின்னால் முட்டிக்கொண்டு வரும் லாரியை மட்டும் எங்கோ தள்ளி வருகிற குட்டி வண்டியாக்கிவிடும். கல்யாணத் தரகர் கையிலுள்ள போட்டோ மாதிரி. முந்திப்போகும் லாரி வருவது உங்கள் பக்கம். என் ஓட்டு, அங்கே தட்டை, இடப்பக்கம் குவி.

கண்ணாடியில் வட்டத்துக்குள் ‘E’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கார்க் கண்ணாடியில் பிடிமானம் கெட்டியாக உட்காருகிறதா என்பது அதைவிட முக்கியம். 60 மைல் வேகத்தில் அது நடுங்கினால், ஒரு லாரி மூன்றாகத் தெரியும்.

கேரவனைக் கழற்றியதும் கூடுதல் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். காது விடைத்த யானை மாதிரி சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் நுழைய வேண்டாம்.