22-ஐ விட 18 உசத்தி

என் பட்டறையைப் பட்டறை என்று நான் மட்டும்தான் சொல்கிறேன். வீட்டில் அதற்கு ‘மாடிப்படிக்குக் கீழே’ என்று பெயர். இருபது வருஷமாக அங்கே ஸ்பேனர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும், திருப்புளிகள் ஒரு தீபாவளி ஸ்வீட் டப்பாவிலும் குடியிருந்தன. திருவான்மியூர் கடற்காற்று எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்திருந்தது. போன மாதம் குழாய் ஒழுகியது. நான் 12-13 ஸ்பேனரைக் கண்டுபிடிப்பதற்குள் பிளம்பர் வந்து, சரிசெய்து, காபி குடித்து, காசும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சக்கரம் வைத்த டூல் டிராலி வாங்குவது என்று அன்று சாயங்காலமே முடிவாயிற்று.

பாரிமுனைக்கு மனைவியும் கிளம்பினாள். நான் ஏமாந்துவிடக் கூடாதாம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். இரண்டுக்கும் ஏழு இழுப்பறை, ஒரே சிவப்பு, ஒரே உயரம். “இது 22 கேஜ். அது 18.”

“22-ஐயே எடுத்துக்கலாங்க” என்றாள் உடனே. நானும் தலையாட்டினேன்.

“அம்மா, இது தங்கம் இல்லை. தகட்டுல நம்பர் ஏற ஏற கனம் குறையும்” என்றார் கடைக்காரர். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 22 முக்கால் மில்லிமீட்டர் வாக்கில். நம்பாதவர்களுக்காகக் கட்டைவிரலால் அழுத்தியும் காட்டினார். 22-இன் பக்கவாட்டுத் தகடு ‘டொப்’ என்று உள்ளே போய் வெளியே வந்தது. 18 அசையவில்லை. அதன் விலையைக் கேட்டு நான்தான் அசைந்தேன்.

அப்புறம் பாடம் நடந்தது. இழுப்பறை பால்பேரிங் சேனலில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் கனம் ஏறியதும் மழைக்காலத்து மரக்கதவுபோல மல்லுக்கு நிற்கும். சக்கரத்தில் இரண்டு நேராக ஓட வேண்டும், இரண்டு திரும்ப வேண்டும், திரும்புவதில் பிரேக் இருக்க வேண்டும். “நாலும் திரும்புச்சுன்னா, அது போற பக்கம்தான் சார் நீங்க போகணும்.”

18 கேஜே வாங்கினோம். காலிப் பெட்டி அறுபது கிலோ. குட்டியானையில் வந்ததைக் கேட்டருகே இறக்கிய லோடுமேன், “வீல்தான் இருக்கே சார், தள்ளிக்குங்க” என்று கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் வாசற்படி மூன்று, நிலைப்படி ஒன்று. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் படியில்லாத ஊர்க்காரனாக இருக்க வேண்டும். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கித்தான் கொண்டுவந்தோம். இன்றுவரை அந்தச் சக்கரங்கள் மொத்தமாக உருண்டது எட்டடி.

இடத்தை நான் அளக்காமல் இல்லை. மாடிப்படிக்குக் கீழே மூன்றடி, பெட்டி ஒன்றரை அடி. கணக்கு சரிதான். ஆனால் இழுப்பறையை இழுத்தால் அது ஒன்றேகால் அடி முன்னால் வருகிறது. மிச்சமிருக்கும் கால் அடியில் நான் நிற்க வேண்டும். என் தொப்பைக்கு யாரும் டேப் பிடிக்கவில்லை. இப்போது ஸ்பேனர் எடுக்கப் பக்கவாட்டில் நின்று, கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதுபோல் கையை விடுகிறேன்.

முதல் நாளே இன்னொரு கூத்து. மேல் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்ததை இழுத்தேன், வரவில்லை. அதற்கடுத்தது, அதுவும் வரவில்லை. புத்தம்புதுப் பெட்டி பழுது என்று கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். “திறந்திருக்கிறதை மூடுங்க சார்” என்றார். ஒரு நேரத்தில் ஒரு அறைதான் திறக்குமாம். எல்லாவற்றையும் இழுத்தால் பாரம் முன்னால் வந்து பெட்டி குப்புற விழும் என்பதற்காக உள்ளே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள்.

என் மொத்தச் சொத்தும் இரண்டு அறையில் அடங்கிவிட்டது. மீதி ஐந்தைத் திறந்து பார்த்த மனைவி, “ஏழு அறை, ஏழு படி! எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து வெச்சா இந்த வருஷம் கொலுவுக்குப் படியே கட்ட வேண்டாமே” என்றாள். அந்தப் பூட்டைப் பற்றிச் சொன்னேன்.

“அதைக் கழட்டிடுங்களேன்.”

“அதுக்கு ஸ்பேனர் வேணும்.”

இப்போதைக்குக் கொலு பொம்மைகள் பழைய வேட்டியில் சுற்றப்பட்டுக் கீழ் அறைகளில் படுத்திருக்கின்றன. இடம் போதாமல் மரப்பாச்சி மட்டும் மேல் அறையில், 12-13-க்குப் பக்கத்தில்.