முகம் பாக்கக் கொஞ்சம் இடம் விடுலே

ஏலே பேராண்டி, நேரமும் மழையும் சொல்லுத கண்ணாடி ஒண்ணு சொந்தமாச் செய்யப் போறியாமே. செய்யி. நம்ம வம்சத்துல கண்ணாடி பாத்துக் கெட்டவன் உண்டு, கண்ணாடி செஞ்சு கெட்டவன் இன்னும் இல்ல. அந்தக் குறை எதுக்கு?

கெழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காத. கோவில்பட்டியில வால்வு ரேடியோவுல ஆரம்பிச்சு கலர் டிவி வரைக்கும் பிரிச்சு மாட்டுன கை இது. நீ ராத்திரி பகலாக் கும்புடுத மேஜிக்மிரர் சமாச்சாரமும் எனக்குத் தெரியும். நெதர்லாந்துக்காரரு மைக்கேல் டேயூ நியூயார்க்குல ஒரு கடைக்குப் போன எடத்துல, கண்ணாடிக்குப் பின்னால இருந்து எழுத்து ஒளிருததப் பாத்தாரு. 2014-ல ஒரு மானிட்டரும், ராஸ்பெர்ரி பைங்குத குட்டிக் கம்ப்யூட்டரும் வச்சு வீட்டுக்கு ஒண்ணு பண்ணுனாரு. 2016-ல ரெண்டாம் பதிப்ப யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்கன்னு விட்டுட்டாரு. அவரு காசு கேக்கல. கேக்கதெல்லாம் கண்ணாடிக்கடைக்காரனும் ஆசாரியுந்தான்.

சூட்சுமம் என்னன்னா, டூ-வே மிரர் தன் மேல விழுத வெளிச்சத்துல பெரும்பங்க ஒனக்கே திருப்பித் தரும், மிச்சத்துல கொஞ்சத்தப் பின்னால விடும். அங்க மானிட்டர்ல எங்க கருப்போ அங்க நீ தெரிவே. எங்க வெள்ள எழுத்தோ அங்க எழுத்து தெரியும். ஆகமொத்தம் நீ காசு போட்டு வாங்குதது இருட்டு. இது மண்டையில ஏறிட்டுன்னா பாதி வேலை முடிஞ்சுது. ஒனக்கு ஏறாது, அதனால மேல சொல்லுதேன்.

கண்ணாடிக்கு நாலாயிரம் கேட்டே, குடுத்தேன். நீ அதுல மெல்லிசு அக்ரிலிக் வாங்கி மிச்சத்துக்கு பிரியாணி தின்னுறலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல. அக்ரிலிக் எடை கம்மி, ஒடையாது. ஆனா வளையும். வளைஞ்சா தாடை ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் போவும். பொண்ணு பாக்க வாரவங்க அந்தக் கண்ணாடியில ஒன்னையப் பாத்தாங்கன்னா எனக்கு ஒரு செலவு மிச்சம்.

பழைய மானிட்டரப் பிரிக்கும்போது பிளக்கப் புடுங்கிட்டோமே, இனி என்னன்னு உள்ள வெரல விடு. பவர் போர்டுல இருக்க பெரிய கெப்பாசிட்டரு, கரண்ட நிறுத்தின பெறகும் கொஞ்ச நேரம் சரக்க வச்சுக்கிட்டுக் காத்திருக்கும். கை வச்சா ஒங்க கொள்ளுத்தாத்தாவக் கண்ணு முன்னால காட்டும். அதுக்குக் கண்ணாடி ஒண்ணும் செய்யத் தேவையில்ல. இது மட்டும் வெளையாட்டு இல்ல லே. அந்தப் போர்டத் தொடாத, தொடணும்னா என்னயக் கூப்புடு.

மானிட்டர் எடுக்கையில வெல கொறைஞ்ச டிஎன் பேனலா எடுத்துச் செங்குத்தா நிறுத்திக்கோ. இடது கண்ணுக்கு ஒரு நெறம், வலது கண்ணுக்கு ஒரு நெறம் காட்டும். ஐபிஎஸ்னா எந்தப் பக்கம் நின்னாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனா எந்த எல்சிடியும் முழுக் கருப்பு இல்ல, பின்வெளிச்சம் கசியத்தான் செய்யும். ராத்திரி வெளக்க அணைச்சா, மானிட்டர் அளவுக்குச் சாம்பக் கலர்ல ஒரு கட்டம் சுவத்துல நிக்கும். வெளிச்சத்தக் கொறைச்சு வச்சு, மானிட்டரச் சுத்திக் கருப்புக் காகிதம் ஒட்டுனாப் போதும். மீதிய ஒங்க ஆச்சி பேய்னு நெனைச்சுக்கிடுவா.

ராஸ்பெர்ரி பைக்குப் பழைய போன் சார்ஜரையே போடு. நாலாம் மாடலுக்கு அஞ்சு வோல்ட்டுக்குச் சித்தக் கூடுதலா, மூணு ஆம்ப்பியர் வேணும். பத்தலைன்னா மூலையில மின்னல் படம் ஒண்ணு வரும். கண்ணாடி வானிலை சொல்ல ஆரம்பிச்சுட்டுன்னு நீ சந்தோசப்படுவே. நம்ம ஊரு கரண்டு போற நேரம் பாத்து அது எஸ்டி கார்டுல ஏதாச்சும் எழுதிக்கிட்டு இருந்துதுன்னா கார்டும் போயிரும். எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஏத்தணும். இன்னொரு கார்டுல நகல் எடுத்து வையின்னு சொன்னா கேக்கவா போறே? சித்திரை வெயிலுக்குப் பெட்டிக்கு மேலயும் கீழயும் காத்து போக ஓட்டை விடு. ஆசாரி அழகு கெட்டுருச்சும்பாரு, நீ கெட்டுப் போகட்டும்னு சொல்லு.

ஆள் வந்தா மட்டும் திரை எரியணும்னு சென்சார் வாங்கி வச்சிருக்கியே, அத அப்படியே கண்ணாடிக்குப் பின்னால ஒளிச்சு வையி. நீ முன்னால நின்னு கூத்தே ஆடுனாலும் அசையாது. ஒடம்பு விடுத சூட்ட வச்சு ஆளக் கண்டுபிடிக்குத சென்சார் அது. அந்தச் சூட்டக் கண்ணாடியும் விடாது, அக்ரிலிக்கும் விடாது. பிரேம்ல ஓட்டை போட்டு அதோட முகத்த வெளிய நீட்டி வச்சாத்தான் வேலை செய்யும்.

இனி கான்ஃபிக் டாட் ஜேஎஸ். கடிகாரம், வானிலைன்னு எந்த மாட்யூல் எங்க தெரியணும்னு எழுதி வைக்குத கோப்பு அது. வீட்டுல ஒருத்தர் சொல்லும் கேக்காத நீ இதுகிட்ட அடங்கிப் போவே பாரு. ரெண்டு மாட்யூலுக்கு நடுவுல ஒரு கமா விட்டுப் போனா, கான்ஃபிக்கச் சரி பண்ணுன்னு காட்டிட்டுப் படுத்துக்கும். கான்ஃபிக்-செக்னு ஒரு கட்டளை இருக்கு, எந்த வரியில கோளாறுன்னு காட்டிக் குடுத்துரும். அத ஓட்டாம ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணு செவக்க ஒக்காந்திருக்கதுதான் ஒன் தலைமுறைக்கு வீரம்.

வானிலைக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கேக்கும். நம்மூருக்கு 9.17, 77.87. நீ அவசரத்துல மாத்திப் போடுவே, எனக்குத் தெரியும். மாத்திப் போட்டா நார்வேக்கு வடக்க, ஸ்வால்பார்டு தீவுக்கு மேக்க, நடுக்கடல்ல போயி நிப்பே. வெளிய அக்கினி நச்சத்திரம் கொளுத்தும், கண்ணாடி குளிர்ல வெடவெடக்கும். அதையும் நம்பி நீ ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு எட்டயபுரம் பஸ்ஸு ஏறுனாலும் ஏறுவே.

பெரிய கோட்டி இதுக்குப் பெறகுதான் வரும். கடிகாரம் போட்டாச்சா, சரி. வானிலை, சரி. அப்புறம் செய்தி, கிரிக்கெட்டு, தங்கம் வெல, பெட்ரோல் வெல, பஸ்ஸு நேரம், பாட்டு, படம். காதுகுத்துக்கு அடிக்க பிளெக்ஸ் போர்டு மாதிரி ஒரு விரல்கடை எடமில்லாம ஆளாளுக்குத் தலைய நீட்டும். கருப்பு போச்சுன்னா கண்ணாடி போச்சு. தலை சீவ வந்தவன் தங்கம் வெலயப் பாத்துட்டு வகிடு எடுக்காமப் போவான். மேல ரெண்டு மூலை, கீழ ஒரு ஓரம், அதுக்கு மேல ஆசைப்படாத. நடு எடம் ஒன் மூஞ்சிக்கு. அது அவ்வளவு ஒண்ணும் மோசமில்ல.

புகழ்ந்து பேசுததுக்குன்னே ஒரு மாட்யூல் கூடவே வருது. காலையில நீ அழகன்ங்கும், சாயங்காலம் சொக்க வைக்கியேங்கும். முப்பது செகண்டுக்கு ஒருக்க மாத்தி மாத்திச் சொல்லும், அதுவும் இங்கிலீசுல. சாமிதோப்புல சாமி கும்புடப் போற பதியில பள்ளியறைக்குள்ளயும் கண்ணாடிதான் இருக்கு. போயி நின்னா ஒன்னைய ஒனக்குக் காட்டும், வேற ஒரு வார்த்த பேசாது. ஒனக்கு அது பத்தாது, எவனாவது சொறிஞ்சு விடணும். நல்லவேளை அந்த வரிகள நாமளே எழுதிக்கிடலாம். காலைக்கு: ‘எந்திரிச்சாச்சா? சூரியன் ஒனக்கு முன்னாலயே எந்திரிச்சுட்டு.’ மத்தியானத்துக்கு: ‘தின்ன தட்டக் கழுவுனியா?’ சாயங்காலத்துக்கு: ‘ஆச்சி கூப்புட்டு அரைமணி நேரமாச்சு.’ எந்நேரத்துக்கும் பொதுவா: ‘இன்னும் இங்கதான் நிக்கியா?’

அப்புறம் காலண்டர். கூகுள் காலண்டர்ல ஐகால் முகவரின்னு ரகசியமா ஒண்ணு குடுப்பான். அதக் கண்ணாடியில ஒட்டுனா, காலண்டர்ல என்ன குறிச்சாலும் சுவத்துல வந்து நிக்கும். எவன்கிட்டயும் அந்த முகவரியக் குடுத்துராத, ஊருக்கே ஒன் சோலி தெரிஞ்சுரும். என் காலண்டர் முகவரிய ஒனக்கு அனுப்பியிருக்கேன். ஆச்சியோட பிரசர் மாத்திரை நேரம் அதுலதான் இருக்கு, அதனாலக் கட்டாயம் போடணும். கூட, தெனம் வாரமாதிரி இன்னொண்ணும் குறிச்சிருக்கேன்: ‘பேரன் தாத்தாவுக்குத் தரவேண்டிய பாக்கி, நாலாயிரம்.’

அத அழிக்கணும்னா என் போன்லதான் அழிக்க முடியும், ஒன் கண்ணாடியில இல்ல. காலண்டர் மாட்யூலையே தூக்கிருவேன்னு பாக்கியா? தூக்கு. தூக்கும்போது கமாவப் பாத்துக்கோ.