லாகின் பழசு, லாகின் புதுசு: ஃபோல்டரியல் குறித்த ஒரு முன்னாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஏபிஐ சோதிக்கும் கருவியில் ரெக்வெஸ்ட்டுகளை ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்குவது எப்படி என்று அறிவுரை சொல்ல ஆள் நிறைய. அடுக்கியவை ஏன் அடுக்கிய மறுவாரமே கலைகின்றன என்று ஆராயத்தான் ஆளைக் காணோம். இக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. களம்: புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் வட்டம், நார்த்தாமலை. களத்தேர்வுக்குக் காரணங்கள் இரண்டு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும், பெயர் வெளியிட விரும்பாத தகவலாளி ஒருவர் அங்கே கிடைத்தார். மேலும், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக எதையும் அழிக்காமல் சேர்த்து வைத்திருக்கும் ஊர் அது.

கருவியும் அதன் இலக்கணமும்

செல்போன் செயலி சர்வரிடம் போய், ‘இவர் விவரத்தைக் கொடு’, ‘இந்தத் தொகையை வரவு வை’ என்று கேட்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். செயலி தயாராவதற்கு முன்பே அந்த வாசலைத் தட்டிப் பார்க்க உதவும் கருவிகளில் முதன்மையானது போஸ்ட்மேன். அதை அபினவ் அஸ்தானா 2012இல் குரோம் உலாவிக்கான துணைநிரலாக வெளியிட்டார். 2014இல் அது நிறுவனமாயிற்று. தட்டும் ஒவ்வொரு தட்டும் ஒரு ரெக்வெஸ்ட். ரெக்வெஸ்ட்டுகள் சேர்ந்தால் ஃபோல்டர், ஃபோல்டர்கள் சேர்ந்தால் கலெக்‌ஷன்.

ஃபோல்டர் வெறும் பரண் அன்று. அதன் தலையில் ஒருமுறை நுழைவுச் சீட்டான டோக்கனை எழுதிவிட்டால் உள்ளே இருப்பவை அத்தனையும் அதைப் பரம்பரைச் சொத்தாகப் பெறும். எல்லாவற்றையும் மொத்தமாகத் தட்டும் ரன்னரை ஓட விட்டால் மேலிருந்து கீழாக, வரிசை பிசகாமல் ஓடும். கலெக்‌ஷனை ஜேசன் கோப்பாக இறக்கிப் பார்ப்பவருக்கு ஓர் அத்வைத தரிசனமும் கிட்டும். அங்கே ஃபோல்டருக்கும் ரெக்வெஸ்ட்டுக்கும் ஒரே பெயர்தான்: ஐட்டம். ஐட்டத்துக்குள் ஐட்டங்கள் இருந்தால் ஃபோல்டர், இல்லையேல் ரெக்வெஸ்ட். ஆனால் ஒரு ரெக்வெஸ்ட் ஒரு சமயத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருக்க முடியும். சகல துன்பங்களுக்கும் இவ்விதியே மூலம்.

முதன்மைச் சான்று

தகவலாளியின் திரையில் இடப்பக்கப் பட்டியல், மேலிருந்து கீழாக, எழுத்துப் பிசகாமல் படியெடுக்கப்பட்டது: ‘லாகின்’, ‘லாகின் காப்பி’, ‘லாகின் ஒர்க்கிங்’, ‘லாகின் ஒர்க்கிங் ஃபைனல்’, ‘டெஸ்ட் 2’, ‘நியூ ஃபோல்டர்’, ‘பழசு’, ‘தொடாதே’. புதிதாகச் சேர்ந்த ஜூனியர் ஒருவருடன் தகவலாளி நடத்திய தொலைபேசி உரையாடலும் பதிவு செய்யப்பட்டது.

“அண்ணே, இதுல எந்த லாகின்ணே ஓடும்?”

“‘டெஸ்ட் ரெண்டு’க்குள்ள ‘பழசு’ன்னு ஒன்னு இருக்கும் பாரு தம்பி. அதுதான் புதுசு.”

“அப்ப ‘ஃபைனல்’?”

“அது போன வருஷத்து ஃபைனல்ப்பா.”

“‘தொடாதே’ன்னு இருக்கே, அதுக்குள்ள என்னண்ணே இருக்கு?”

“யாருக்குத் தெரியும்? நான் சேர்ந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு.”

நால்வகைப் பள்ளிகள்

அடுக்குவோரை நான்கு பள்ளியினராகப் பகுக்கலாம். பயனர், ஆர்டர், பணம் என்று பகுப்பவர் பொருள்முதல்வாதிகள். யூஆர்எல் எப்படிப் போகிறதோ அப்படியே ஃபோல்டரும் போகட்டும் என்போர் வழிமுதல்வாதிகள். ஸ்பிரின்ட் 14, மார்ச் ரிலீஸ் என்று வைப்பவர் காலமுதல்வாதிகள். எழுதியவர் பெயரையே ஃபோல்டருக்குச் சூட்டுவோர் ஆள்முதல்வாதிகள். அவர் வேறு கம்பெனிக்குப் போனபின் அந்த ஃபோல்டர் நடுகல் ஆகிவிடும். முதலிரு பள்ளிகளின் சண்டையைப் போஸ்ட்மேனே தீர்க்கவில்லை. ஏபிஐயின் விவரம் அடங்கிய ஓப்பன்ஏபிஐ கோப்பை உள்ளே இழுக்கும்போது, வழிப்படி அடுக்கவா, டேக்படி அடுக்கவா என்று நம்மையே கேட்டு நழுவிக்கொள்கிறது.

எந்தப் பள்ளியை ஏற்றாலும் முழுமையாக ஏற்க வேண்டும், நான்கையும் கலந்தால் நாசம் என்பது அறிவுரையாளர் கொள்கை. இதை மறுக்க நார்த்தாமலையின் ஒன்பது குன்றுகளே போதும். மேலமலைக்குத் திசையால் பெயர். கோட்டைமலைக்குப் பயனால் பெயர். கடம்பர்மலைக்குச் சாமியால் பெயர். மண்மலைக்கும் பொன்மலைக்கும் பொருளால் பெயர். ஆளுருட்டிமலைக்கோ, யாரையோ உருட்டிவிட்ட சம்பவத்தால் பெயர். சர்வர் விழுந்த அன்று உருவாக்கப்பட்ட ஃபோல்டர் இவ்வகையது. இத்தனை நெறிகள் கலந்தும் அங்கே மாடு மேய்ப்பவர் எவரும் குன்று மாறிப் போனதில்லை. கலப்பு நெறி உள்ளூர்க்காரரைத் தொல்லை செய்வதில்லை. திண்டாடுவது வெளியூரிலிருந்து வருபவர்தான்.

பெயர் நிலைத்தல்

மேலமலை மேலே இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலி ஈசுவரம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைவித்தது. மற்றொன்றின் பெயர் சமணர் குடகு. சமணரைத் தேடி உள்ளே போனால், ஆளுயரத்தில் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் பன்னிரண்டு திருமால் நிற்கிறார்கள். கல்வெட்டு அதைப் பதினெண்பூமி விண்ணகரம் என்கிறது. உள்ளடக்கம் மாறிப் பல நூற்றாண்டுகள் ஆகியும் வெளிப்பெயரை யாரும் ரீநேம் செய்யவில்லை. ‘பழசு’க்குள் புதுசு இருப்பதைக் கண்டு அந்த ஜூனியர் திடுக்கிட்டிருக்க வேண்டியதில்லை.

எதிரே விசயாலய சோழீச்சுரம். பெயரில் சோழர், கல்வெட்டிலோ முத்தரையர்: கட்டியவன் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் என்றும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்றும் அது கூறும். இக்கோயிலைச் சோழர் ஃபோல்டரில் போடுவதா, முத்தரையர் ஃபோல்டரில் போடுவதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோயிலைக் காப்பி எடுத்து இரண்டிலும் வைக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. நமக்கு உண்டு, அதனால்தான் நம்மிடம் நான்கு லாகின்.

ஓரிடச் சிக்கல்

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளை 1929இல் அரச வம்ச வாரியாக அடுக்கி நூலாக வெளியிட்டது. வம்ச ஆராய்ச்சியாளருக்கு அது அமுதம். நார்த்தாமலையை மட்டும் படிக்க வந்தவரோ பல்லவர் பக்கம் கொஞ்சம், சோழர் பக்கம் கொஞ்சம், பாண்டியர் பக்கம் கொஞ்சம் என்று புரட்டி விரல் தேய வேண்டும். ஊர் வாரியாக அடுக்கியிருந்தால் விரல் தேய்வது மற்றவருக்கு. ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு, அலமாரியில் இடம் ஒன்றுதான் என்ற இச்சிக்கலுடன் மல்லுக்கட்டியவர் சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன். முகங்களைத் தனித்தனியே குறித்துக் கோர்க்கும் கோலன் பகுப்பு முறையை 1933இல் வெளியிட்டார். அவர் வழிவந்த நாமோ தேடல் பெட்டியில் ‘லாகின்’ என்று தட்டி, நான்கும் வருவதைப் பார்த்து, ஐந்தாவதைப் புதிதாக எழுதுகிறோம்.

முடிவுக் குறியின்மை

ஆகவே கோளாறு பகுப்பில் இல்லை என்பது தெளிவு. பின் எதில்? விடை கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் கிடைத்தது. அங்கே வரும் தபாலுக்கு முதலில் ந.க. எண் விழும். கோப்பு முடியும்போது இன்னொரு குறி விழும். ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம், மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு; நி.மு. என்றால் நிரந்தரம். கோப்பு எதைப் பற்றியது என்பதோடு, எப்போது சாக வேண்டும் என்பதையும் எழுத்தரே எழுதிவைக்கிறார். ‘தொடாதே’ என்ற தலைப்பில் அங்கே கட்டு கிடையாது. தொடக்கூடாதது எதுவோ அதற்கு நி.மு.; மற்றதெல்லாம் தேதி வந்ததும் தொடப்பட்டே தீரும்.

ஃபோல்டரில் இல்லாதது இந்தக் குறிதான். எழுதியவர் அழிக்க அஞ்சுகிறார், வாங்கியவர் கேட்க அஞ்சுகிறார். அச்சமே ஃபோல்டராக நிற்கிறது.

பரிந்துரைகள்

ஒன்று: எப்பள்ளி வேண்டுமானாலும் சேர்க, கலப்பதும் குற்றமன்று. வெளியூரார் வருவார் என்பதை எண்ணி, எந்த ஃபோல்டர் எதற்கு என்று கலெக்‌ஷன் முகப்பில் நான்கு வரி எழுதுக.

இரண்டு: ‘காப்பி’ என்ற சொல்லோடு எந்த ரெக்வெஸ்ட்டும் மாலை ஆறு மணியைத் தாண்டலாகாது.

மூன்று: ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கும் பின்னால் ஓ.மு., மூ.மு., நி.மு. ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்க. மென்பொருளில் பத்தாண்டு வாழ்ந்த ஏபிஐயை அகழ்வாய்வில் கண்டால் ப.மு. வகையும் பின்னர் சேர்த்துக்கொள்ளப்படும்.

இப்பரிந்துரைகளைத் தகவலாளியிடம் நேரில் சமர்ப்பித்தோம். பொறுமையாகப் படித்தார். உடனே செயலில் இறங்கி, ‘ஓ.மு.’ என்ற பெயரில் புதிய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, நான்கு லாகினையும் ‘தொடாதே’யையும் உள்ளே இழுத்துப் போட்டார். ஓராண்டு முடிவில் அழிப்பது யார் என்று கேட்டோம். அதற்குள் அந்த ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார் என்றார்.