குறைந்த கையிருப்பில் வீடியோ கேம் தெரிவு: கரையாம்புத்தூரை முன்வைத்து ஒரு முதல், கரு, உரி ஆய்வு

வீடியோ கேம் பெட்டி என்பது டிவியோடு வயரால் பிணைக்கப்பட்டு, ஜாய்ஸ்டிக்கால் இயக்கப்பட்டு, வீட்டுப் பெரியவர்களால் எதிர்க்கப்படும் மின்பொருள். செய்யும் நிறுவனங்கள் பல. வாங்குபவரின் பணமோ ஒன்றுக்கு மேல் போதாது. தெரிவு என்னும் சிக்கல் இங்குதான் எழுகிறது. பணம் மிகுந்தவருக்கு இச்சிக்கல் இல்லை. பணமே இல்லாதவருக்கும் இல்லை. இடைப்பட்டோரைப் பற்றியதே இவ்வாய்வு. ஆய்வுக்களம் புதுச்சேரியில் பாகூர் கொம்யூனின் மேற்கு ஓரத்தில் உள்ள கரையாம்புத்தூர். ஆய்வுமுறை, அகத்திணைக்குத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பகுப்பு. அதை வீடியோ கேமுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தொல்காப்பியத்தில் எங்கும் விதி இல்லை.

1. முதற்பொருள்

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலத்தால் கரையாம்புத்தூர் புதுச்சேரிக்கு உரியது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. முன்பு இதில் ஆதாயம் இருந்தது. புதுச்சேரியில் விற்பனை வரி குறைவு என்பதால், மின்பொருள் வாங்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்துபோவது வழக்கமாக இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது வீடியோ கேம் பெட்டி நாடு முழுவதும் ஒரே 28 விழுக்காட்டுப் பிரிவில் வைக்கப்பட்டது. அன்றோடு இந்த நிலத்தின் சிறப்பு நீங்கியது. எல்லை தாண்டினால் விலை மாறும் பொருள் இன்று வேறொன்று. அது பாட்டிலில் வருவதால் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

பொழுது இருவகை. பெரும்பொழுது: காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, மே மாதம். சிறுபொழுது: காலைக் கஞ்சிக்குப் பின்னும், மாலைத் தொடர் தொடங்கும் முன்னும். மாலை 6 முதல் இரவு 10 வரை டிவி ஆயாவுக்கும் அம்மாவுக்கும் உரியது. இந்நேரத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியும் ஐந்நூறு ரூபாய்ப் பெட்டியும் ஒரே பயனைத் தரும். நிறுவன விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

2. கருப்பொருள்

கருப்பொருள் நிலத்துக்கு உரிய பொருள்கள். இவ்வட்டாரத்தில் தெரிவுக்கு வரும் பெட்டிகள் நால்வகைப்படும்.

முதல்வகை கேசட் பெட்டி. நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் இது. அமெரிக்கச் சிறுவர்கள் நின்டெண்டோவா சேகாவா என்று சண்டையிட்ட காலத்தில் இந்தியாவில் அப்போர் நடக்கவே இல்லை. 1995-இல் ஷா வாலஸ் நிறுவனம் வழியே வந்த சேகா மெகா டிரைவின் விலை 18,000 ரூபாய். தெருவில் நகல் பெட்டிகள் வென்றன. அந்த வெற்றியில் நின்டெண்டோவுக்கு ஒரு பைசா போகவில்லை.

இவ்வகையின் சிறப்பு மஞ்சள் கேசட். மேலே ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். சொருகிப் பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே போனால், முதல் பக்கங்களில் காண்ட்ரா, மரியோ, டாங்கி, ரோட் ஃபைட்டர் என எல்லாம் வேறுவேறாக இருக்கும். பிறகு அதே மரியோ வேறு பெயரில் வருவார். இன்னும் கீழே போனால் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்குவார். தனித்த விளையாட்டுகளை எண்ணினால் சில பத்துகளே தேறும். ஆயினும் 9999 என்ற எண் வாங்கித் தரும் சித்தப்பாவை மயக்கப் போதுமானது. கேசட் ஓடாவிட்டால் அடியில் வாயால் ஊதுவது மரபு. ஊதியதால் ஓடியதன்று, கழற்றி மீண்டும் சொருகியதால் ஓடியது என்பதும், எச்சிலின் ஈரம் உலோகக் கால்களை அரிக்கும் என்பதும் அறிவியல். மரபே இன்றும் வலிது.

இரண்டாம்வகை பழைய பிளேஸ்டேஷன். பிஎஸ் 2 பெட்டி 2000-இல் வந்து, உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்று, 2013-இல் உற்பத்தி நின்றது. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். ‘கிரிக்கெட் 07’ ஓடும் என்பது ஒன்றே கரையாம்புத்தூரில் இதற்குப் போதிய தகுதி. பிஎஸ் 2-க்கும் பிஎஸ் 3-க்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரே போதும். வீட்டுக் குண்டு டிவியிலேயே ஓடும்.

மூன்றாம்வகை இன்றைய போட்டியாளர்கள். 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 34,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் வந்த பிஎஸ் 5, டிஸ்க் போடும் வகையானால் 49,990, டிஸ்க் இல்லாத வகையானால் 39,990. பின்னர் விலைகள் மாறின. குறையும் என்று காத்திருந்தவர்களை அவை ஏமாற்றின.

நான்காம்வகை பிரான்சிலிருந்து வருவது. புதுச்சேரி வட்டாரத்துக்கே உரிய வகை இது. சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) குடும்பத்து உறவினர் விடுமுறைக்கு வரும்போது சாக்லேட், சென்ட் இவற்றோடு பெட்டியும் வரும். முற்காலத்தில் இதில் இடர் இருந்தது: பிரான்சில் டிவிக்கு ஸ்கார்ட் சொருகியும் செகாம் வண்ணமுறையும், இங்கே பால் முறை, ஸ்கார்ட்டுக்கு ஓட்டையே கிடையாது. பெட்டி பாரிஸிலிருந்து வந்தும் பீரோவைத் தாண்டாது. எச்டிஎம்ஐ வந்தபின் அக்குறை தீர்ந்தது. எஞ்சியது மின்சொருகி. அங்கத்திய மெல்லிய இரு கால்கள் இங்கத்திய பிளக் பாயிண்டில் தளர்ந்து நிற்கும். யாராவது வயரை மிதித்தால் போதும், கடைசி ஓவர் கலையும். 2017-இல் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்சுக்கு இத்தொல்லை குறைவு. இந்தியாவில் அதிகாரபூர்வமாக வெளியாகாததால் இறக்குமதிக் கடையோ உறவினரோதான் வழி. தனித்திரை உடையதாதலால் மாலை 6 மணிக்குப் பின்னும் இயங்கும் ஒரே பெட்டி இதுவே.

3. மறைந்து நிற்கும் செலவுகள்

பெட்டியின் விலை பெட்டியோடு முடிவதில்லை. பிஎஸ் 4 முதல் மஞ்சள் வயருக்கு இடமில்லை. குண்டு டிவி உள்ள வீடு புது டிவிக்கும் சேர்த்தே சீட்டு எடுக்க வேண்டும். மறுதலையாக, கேசட் பெட்டியோடு வரும் துப்பாக்கி குண்டு டிவியின் திரை மின்னலைக் கொண்டே குறி அறிவது. எல்இடி டிவியில் எத்தனை சுட்டாலும் விளையாட்டில் பறக்கும் வாத்து விழாது. ஆகவே பெட்டிக்கேற்ற டிவியா, டிவிக்கேற்ற பெட்டியா என்ற கேள்விக்கு, பணமில்லாதவருக்கு டிவிக்கேற்ற பெட்டியே என்பது விடை.

அடுத்தது இரண்டாம் ஜாய்ஸ்டிக். கேசட் பெட்டியில் இரண்டு சேர்ந்தே வரும். பிஎஸ் 5-இல் ஒன்றுதான். இன்னொன்று வெளியீட்டு விலையில் 5,990 ரூபாய். பெட்டி வந்த செய்தி தெருவுக்குப் பரவ ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் பட்ஜெட் ஆறாயிரம் கூடுகிறது.

மூன்றாவது டேட்டா. இன்றைய விளையாட்டுகளில் 100 ஜிபியைத் தாண்டுபவை உண்டு. நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜில், வீட்டில் ஒருவரும் வாட்ஸ்அப்பைத் தொடாமல் இருந்தால், இறக்க 50 நாள். மே முதல் தேதி தொடங்கினால் ஜூன் 19-இல் முடியும்; அதற்குள் பள்ளி திறந்திருக்கும்.

4. வாடகை என்னும் மாற்று

பெட்டி வாங்காமல் கேம் கடையில் மணிக்கணக்கில் ஆடுவதும் ஒரு தெரிவே. மணிக்கு 40 ரூபாய் என்று கொண்டால், 49,990 ரூபாய் சுமார் 1,250 மணி நேரத்துக்குச் சமம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஆடினால் 625 ஞாயிறு, அதாவது 12 ஆண்டு. பிஎஸ் 4 வந்தது 2013, பிஎஸ் 5 வந்தது 2020. ஆக வாங்கிய பெட்டி வாடகையை ஈடுகட்டும் முன்பே பழையதாகிவிடும். கணக்கு வாடகைக்கே சாதகம். எனினும் கேம் கடைக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். காரணத்தின் விலை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

5. உரிப்பொருள்

உரிப்பொருள் ஒழுக்கம். அவ்வொழுக்கம் ஐந்தும் இத்துறையில் குறைவின்றி அமைகின்றன. மஞ்சள் வயர் மஞ்சள் ஓட்டையில் சேர்வது புணர்தல். தேர்வு வந்ததும் பெட்டி பரண் ஏறுவது பிரிதல். அப்டேட் முடியக் காத்திருப்பது இருத்தல். சேமிக்குமுன் கரண்ட் போவது இரங்கல். ரிமோட்டை வைத்து நடப்பது ஊடல். திணைநூல்கள் கூறும் ஊடலை விட இது நீண்டது, வாயில்களாலும் தீராது.

6. அடுத்த வீட்டுக் கோட்பாடு

மேற்கண்ட காரணிகள் அனைத்தையும் மீறி முடிவைத் தீர்மானிப்பது அடுத்த வீட்டுப் பெட்டி. இதில் இரு கட்சி உண்டு. ஒருமைவாதிகள் அடுத்த வீட்டில் உள்ளதையே வாங்க வேண்டும் என்பர். அப்போதுதான் கேசட்டும் டிஸ்க்கும் கைமாறும். 5,000 ரூபாய் டிஸ்க் இருவருக்கு 2,500 ஆகும். பிஎஸ் 2-இன் 8 எம்பி மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், தன் வீட்டில் விட்ட இடத்திலிருந்து அடுத்த தெருவில் தொடரலாம். பன்மைவாதிகள் அடுத்த வீட்டில் இல்லாததையே வாங்க வேண்டும் என்பர். ஒரு பெட்டிக்குப் பணம் கொடுத்து இரண்டில் ஆடலாம் என்பது அவர்கள் வாதம்.

இரண்டும் ஒரு வரம்புக்குள் சரியே. சட்டைப்பையில் எடுத்துப் போகக்கூடிய விளையாட்டானால் ஒருமை நன்று. பெட்டிக்குள்ளேயே இறங்கித் தங்கிவிடும் விளையாட்டானால் பன்மை நன்று. டிஸ்க் இல்லாத பெட்டி வெளியீட்டு விலையில் பத்தாயிரம் மலிவாகத் தோன்றினாலும், அதன் விளையாட்டைக் கடன் தரவும் முடியாது, விற்கவும் முடியாது. இரண்டு டிஸ்க்கைக் கடன் வாங்கி, இரண்டை விற்றால் அந்தப் பத்தாயிரம் ஏறத்தாழ ஈடாகிவிடும்.

7. முடிபு

டிவி குண்டாக இருந்து, வயது பத்துக்குக் கீழானால் கேசட் பெட்டி. டிவி குண்டாகவே இருந்து, கிரிக்கெட் வேண்டுமானால் பழைய பிஎஸ் 2. டிவி தட்டையாகி, தெருவில் பிஎஸ் உள்ளவர் இருந்தால் டிஸ்க் போடும் பிஎஸ். தெருவில் டிஸ்க் கொடுத்து வாங்க எவரும் இல்லாமல், வீட்டில் கேபிள் இணைப்பு வழியே நெட் இருந்தால் டிஸ்க் இல்லாத சீரிஸ் எஸ். பிரான்சில் அத்தை இருந்தால் ஸ்விட்ச். அத்தை வரும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே கேட்டுவிட வேண்டும். இவற்றுள் எதுவும் பொருந்தாதவர், அடுத்த வீட்டில் இரண்டாம் ஜாய்ஸ்டிக் உண்டா என்று விசாரிப்பதே போதுமானது.