கல்விச் சுற்றுலா

2006-இல் நான் வடக்கு வர்ஜீனியாவில் இருந்தேன். அலுவலகத்துக்கு மூன்று பேர் ஒரே காரில் போவோம். ஓட்டுகிறவர் மதுரைக்காரர், வயதில் மூத்தவர், குடியரசுக் கட்சி அபிமானி. பக்கத்தில் கும்பகோணத்துத் தம்பி. ஜனநாயகக் கட்சிக்கு உயிரையே கொடுப்பார். எனக்குக் கட்சியும் இல்லை, ஓட்டும் இல்லை. பின் சீட்டு.

அது ஜாக் அப்ரமாஃப் வருஷம். வாஷிங்டனின் பெரிய லாபியிஸ்ட், அதாவது கூலிக்கு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் காரியம் பேசுகிறவர். ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். அவர் புண்ணியத்தில் யார் யார் எங்கெங்கே போனார்கள் என்று பேப்பரில் வந்தபடி இருக்கும். குடியரசுக் கட்சியின் கொறடாவாக இருந்த டாம் டிலே, 2000-இல் லண்டனுக்கும் ஸ்காட்லாந்துக்கும் போய்வந்த செலவு சுமார் 70,000 டாலர். செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃப், மார்கரெட் தாட்சரோடு ஒரு சந்திப்பு. கணக்கில், பணம் கொடுத்தது ஓர் ஆய்வு நிறுவனம், நோக்கம், கல்வி. 2002-இல் ஸ்காட்லாந்து போன ஒஹையோ உறுப்பினர் பாப் நே இன்னும் சிக்கனம். படிவத்தில் 3,200 டாலர் என்று எழுதிவிட்டார். அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் உரையாற்றப் போனாராம். போனது ஆகஸ்டில்; அங்கே சபைக்கு விடுமுறை. பிறகு அவருக்கு 30 மாதச் சிறை.

“என்னண்ணே, உங்காளு பந்தடிக்கப் படிச்சுட்டு வந்துட்டாரா?” என்பார் தம்பி.

“நாட்டை ஆள்றவன் நாலு ஊரு பாக்க வேணாமாடா?”

“பாக்கட்டும். கைக்காசுல பாக்கட்டும்.”

அண்ணன் ஹார்ன் அடிப்பார். முன்னால் வண்டி எதுவும் இருக்காது.

இதில் வேடிக்கை, பரிசுப் பொருளுக்குக் கெட்டிப் பூட்டுப் போட்டதே அண்ணன் கட்சிதான். நாற்பது வருஷ ஜனநாயகக் கட்சி ஆட்சியை அழுகல் என்று சொல்லி வந்த சபாநாயகர் நியூட் கிங்ரிச் காலத்தில், 1995-இல் அந்த விதி வந்தது. லாபியிஸ்ட் வாங்கித் தரும் சாப்பாட்டைத் தொடக்கூடாது. “உண்மையறியும்” பயணத்துக்கு மட்டும் வெளியார் செலவழிக்கலாம். கிங்ரிச்சே 1997-இல் சபையின் கண்டனத்தையும் 3,00,000 டாலர் தண்டத்தையும் பெற்றது தனிக்கதை. அப்ரமாஃப் விவகாரம் முற்றியதும் சபாநாயகர் டென்னிஸ் ஹாஸ்டெர்ட், வெளியார் பணத்தில் பயணமே கூடாது, முழுத்தடை என்றார். இரண்டு மூன்று மாதத்தில் அந்த முழக்கம் இருந்த இடம் தெரியவில்லை. அவர் கட்சிக்காரர்களே கைவிட்டார்கள்.

நவம்பர் தேர்தலில் தம்பி கட்சி ஜெயித்தது. வரலாற்றிலேயே மிக நேர்மையான காங்கிரஸ் இதுதான் என்று அக்கட்சியின் சபைத் தலைவி நான்சி பெலோசி வாக்குக் கொடுத்தார். 2007-இல் புதிய சட்டம், புதிய விதிகள். லாபியிஸ்டை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் பயணச் செலவை ஏற்பதற்குக் கடுமையான வரம்பு. நின்றுகொண்டு பல்குச்சியில் குத்திச் சாப்பிடுகிற தீனிக்கு மட்டும் பழைய விலக்கு தொடர்ந்தது. உட்கார்ந்து சாப்பிட்டால் ஊழல், நின்று சாப்பிட்டால் வரவேற்பு. எனக்கு மிகப் பிடித்த விதி இதுதான்; மனிதனை இவ்வளவு நுட்பமாக அளந்த சட்டம் வேறு இல்லை. அறக்கட்டளைகளுக்கும் வாசல் திறந்தே இருந்தது. லாபி செய்கிற அமைப்பு, பக்கத்திலேயே லாபி செய்யாத ஓர் அறக்கட்டளையை வைத்துக்கொண்டால் டிக்கெட் போடலாம்.

சட்டம் வந்த அதே 2007-இல், வரிவிதிப்புக் குழுவின் தலைவர் சார்லஸ் ரேங்கல் ஆன்டிகுவாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் செயின்ட் மார்ட்டின். பின்னால் இருந்தது கம்பெனிப் பணம். 2010 பிப்ரவரியில் நெறிமுறைக் குழு அவரைக் கண்டித்தது. மார்ச்சில் தலைவர் பதவியை விட்டு விலகினார்.

அன்றைக்குக் காரில் வசனங்கள் ஆள் மாறின. கைக்காசில் பார்க்கட்டும் என்றார் அண்ணன். “கரீபியன் மக்கள் பிரச்சினையை நேர்ல பாக்க வேணாமாண்ணே?” என்று தம்பி உண்மையான மனவருத்தத்தோடு கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

2011 ஆகஸ்டில் ஐபேக் என்ற இஸ்ரேல் ஆதரவு லாபியோடு இணைந்த அறக்கட்டளைச் செலவில் அண்ணன் கட்சிக்காரர்கள் பலர் இஸ்ரேல் போனார்கள். கன்சாஸ் உறுப்பினர் கெவின் யோடர் கலிலேயாக் கடலில் பிறந்த மேனியாகக் குளித்தார். செய்தி வெளியே வர ஒரு வருஷம் ஆயிற்று. வந்ததும் மன்னிப்புக் கேட்டார். விதிப்படி பயணத்தில் தவறே இல்லை. இந்தமுறை தம்பிக்குப் பேச்சு வந்தது, அண்ணனுக்கு ஹார்ன் வந்தது.

கட்சி பேதமே இல்லாமல் போனது பாகுவுக்குத்தான். 2013 மே மாதம் அந்த அஜர்பைஜான் தலைநகரில் ஒரு மாநாடு: பத்து உறுப்பினர்கள், 32 உதவியாளர்கள். அமெரிக்க அறக்கட்டளைகள் அழைத்ததாகத்தான் படிவம் சொன்னது. அந்நாட்டு அரசின் எண்ணெய் நிறுவனம் 7,50,000 டாலரை அவற்றின் வழியாக ஊற்றியிருந்தது 2015-இல் வெளிவந்தது. திரும்பி வந்தவர்களின் பெட்டியில் பட்டுத் துண்டு, படிகத் தேநீர்ச் சாமான், கம்பளம்.

இதைத் தோண்டியது 2008-இல் பெலோசி காலத்தில் உருவான சுயேச்சை விசாரணை அலுவலகம். உறுப்பினர்களே உட்கார்ந்திருக்கும் நெறிமுறைக் குழு அதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தது. கடைசியில், தெரிந்து யாரும் தப்புச் செய்யவில்லை என்று கோப்பை மூடியது. 2017 ஜனவரி 2-ஆம் தேதி, மூடிய கதவுக்குப் பின்னால், அந்த அலுவலகத்தின் பல்லைப் பிடுங்கக் குடியரசுக் கட்சியினர் ஓட்டெடுத்தார்கள். ஊர் கத்தியதும் மறுநாளே கைவிட்டார்கள்.

பாகு விவகாரத்தில் 2018 டிசம்பரில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துக் குழுவிடம் பொய் சொன்ன அறக்கட்டளைத் தலைவர் அவர். கம்பளம் வாங்கியவர்களில் ஒருவர்மீதும் அதற்காக வழக்கு இல்லை.